குறி எங்கே அழிகிறது: வண்டன்மேடு ஸ்டோரில் டிஎஸ்சிபி எண்ணிப் பார்த்த பதிவு

வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோர். அதன் தலைமை அலுவலகம் மலைக்கு இந்தப் பக்கம், போடிநாயக்கனூரில். இரண்டுக்கும் நடுவே ஐபி போன் ஓடுகிறது. காலையில் பேச்சு தெளிவாக இருக்கும். சாயங்காலம் கேமரா பதிவுகளும் டேலி பேக்கப்பும் போடிக்கு ஏறத் தொடங்கியதும் குரல் வெட்ட ஆரம்பித்துவிடும். முதலாளி என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, ஸ்பீடு டெஸ்ட் போட்டா ஸ்பீடு எல்லாம் வருது. ஆனா ரைட்டர் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. முப்பத்தெட்டு மூட்டைங்கிறார், எனக்கு முப்பதுதான் கேக்குது."

இது சின்ன விஷயமில்லை. புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. எந்த லாட் எந்த ஏலத்துக்கு, எட்டு எம்எம் எத்தனை மூட்டை, ஏழு எம்எம் எத்தனை என்பதெல்லாம் சாயங்காலப் பேச்சில்தான் முடிவாகும். கம்பம்மெட்டு இறக்கத்தில் வண்டி இறங்கிவிட்டால் திருப்பிக் கூப்பிடுவது பெரிய வேலை.

ஸ்டோர் ராக்கின் கதவில் முன்பு யாரோ ஒட்டிவைத்த தாளில் "க்யூஓஎஸ் போடப்பட்டது, குரலுக்கு ஈஎஃப்" என்று எழுதியிருந்தது. க்யூஓஎஸ் என்பது நெரிசலில் எந்தப் பாக்கெட்டை முதலில் விடுவது என்ற ஏற்பாடு; ஈஎஃப் என்பது குரல் பாக்கெட்டின் மேல் வைக்கும் அவசரக் குறி. போனைத் திறந்து பார்த்தேன், உண்மைதான், போட்டிருக்கிறது. ஆனால் அந்தக் குறி போடி வரை போய்ச் சேர்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. நான் போய்வரும் பல இடங்களில் இதே நிலைதான். குறி வைப்பதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணிப் பார்க்கும் வரை அதை க்யூஓஎஸ் என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்பது. ஐபி தலைப்பின் இரண்டாவது பைட்டில்தான் குறி இருக்கிறது. 1998-இல் வந்த, இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 2474, அந்த பைட்டின் முதல் ஆறு பிட்டை டிஎஸ்சிபி என்று ஒதுக்கியது. மிச்ச இரண்டு பிட் பின்னால் நெரிசல் அறிவிப்புக்குப் போனது. குரலுக்கான ஈஎஃப் குறியின் டிஎஸ்சிபி எண் 46. கடைசி இரண்டு பிட்டையும் சேர்த்து முழு பைட்டாகப் பார்த்தால் 184. பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் ஹெக்ஸாகப் (பதினாறடிமானத்தில்) பார்த்தால் பி8. மூன்றும் ஒன்றேதான், ஆனால் போன் மெனுக்கள் இங்கே காலை வாரும். சில போன்கள் டிஎஸ்சிபி கேட்கும், சில டாஸ் என்ற அந்த முழு பைட்டைக் கேட்கும். டாஸ் கேட்கும் கட்டத்தில் 46 என்று போட்டால், டிஎஸ்சிபி 11 என்ற, யாருக்கும் தெரியாத குறி ஒன்று வெளியே போகும். கேப்ச்சரில் 2ஈ என்று தெரிந்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம், போன் மெனுவுக்குப் போங்கள்.

அடுத்தது அளவுகோல். குரலை எண்ணாக்கும் ஜி.711 கோடெக்கில் போன் 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. வினாடிக்கு 50, நிமிடத்துக்கு 3000, ஒவ்வொரு திசையிலும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு. ஆக ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஐபி அளவில் வினாடிக்கு 80 கிலோபிட். இந்த 3000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரே ஓர் அழைப்பு போட்டு ஒரு நிமிடம் பேசவைத்து, வழியில் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஈஎஃப் எண்ணிக்கை 3000 ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாத முதல் இடத்தில்தான் குறி அழிகிறது. ஒரு எச்சரிக்கை: போனில் சைலன்ஸ் சப்ரஷன் இருந்தால் பேசாத நேரத்தில் பாக்கெட் போகாது, கணக்கு குறைந்து காட்டும். அதை அணைத்துவிட்டு, ரைட்டரிடம் சொன்னேன்: "சேட்டா, ஒண்ணுல இருந்து எண்ணிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க." பாவம், தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தார்.

ஸ்டோரின் அமைப்பு எளிமையானது. போன்களும் கேமராப் பெட்டியும் ஒரு மேனேஜ்டு சுவிட்சில். அங்கிருந்து சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்று, அதுதான் ரௌட்டர். அதிலிருந்து, பாக்கெட்டைப் பூட்டி இன்னோர் உறையில் போட்டு அனுப்பும் வயர்கார்டு டன்னல் போடிக்கு. போடியிலும் அதே மாதிரி ஒரு லினக்ஸ் பெட்டி, அதற்குப் பின்னால் அழைப்புகளை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் பிபிஎக்ஸ். ஸ்டோரிலிருந்து போகும் எல்லாமே டன்னல் வழியாகத்தான். ஊழியர்களின் வைஃபைக்குத் தனி லைன். பின்னால் வரும் தீர்வுக்கு இது முக்கியம்.

எண்ணுவதற்கு எந்தப் பெட்டியிலும் தனி மென்பொருள் வேண்டாம். லினக்ஸில் பாக்கெட் வடிகட்டியான என்எஃப்டியின் ஃபார்வர்டு செயினில் "ஐபி டிஎஸ்சிபி ஈஎஃப் கவுன்டர்" என்று ஒரு வரி, அழைப்பை ஏற்படுத்தும் சிக்னலிங்கின் குறியான சிஎஸ்3-க்கு ஒரு வரி, மிச்சத்துக்கு ஒரு வரி. எதையும் தடுக்காது, மாற்றாது, எண்ணும், அவ்வளவுதான். மைக்ரோடிக் வைத்திருப்பவர்கள் மேங்கிளில் டிஎஸ்சிபி 46, ஆக்ஷன் பாஸ்த்ரூ என்று ஒரு விதி போட்டால் அதே வேலையைச் செய்யும். சிஸ்கோ ரௌட்டரில் "பெர்மிட் ஐபி எனி எனி டிஎஸ்சிபி ஈஎஃப்" என்று ஓர் அக்சஸ் லிஸ்ட், அடுத்த வரியில் எல்லாவற்றையும் அனுமதிக்கும் வரி. அந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டால் மொத்தப் போக்குவரத்தும் நின்றுபோகும், அதனால் இரண்டு வரியையும் இதே வரிசையில் எழுதிய பிறகே லிஸ்ட்டை இடைமுகத்தில் போடுங்கள்.

சரி, போனில் இருந்து தொடங்கினேன். போன் போர்ட்டின் உள்வரும் பக்கத்தை மட்டும் லேப்டாப்புக்கு மிரர் செய்து டிசிபிடம்ப் ஓட்டினேன். எல்லா வரியிலும் பி8. அடுத்து, சுவிட்சைத் தாண்டிய இடம், அதாவது லினக்ஸ் பெட்டியின் லேன் பக்கம். அங்கே எல்லா வரியிலும் 0. என்எஃப்டி கவுன்டரும் அதையே சொன்னது: ஈஎஃப் அசையவில்லை, மிச்சம் என்ற வரிதான் ஏறிக்கொண்டே போனது.

காரணம் சுவிட்சின் அமைப்பில். கேட்டலிஸ்ட் 2960 வகைச் சுவிட்சில் "எம்எல்எஸ் க்யூஓஎஸ்" என்ற கட்டளையைக் கொடுக்காதவரை, வருகிற குறியை அது தொடாமல் அனுப்பிவிடும். கொடுத்த கணமே எல்லாப் போர்ட்டும் நம்பாத நிலைக்குப் போகும். நம்பாத போர்ட்டில் வரும் குறியை 0 ஆக்கிவிடும். அது அதன் வடிவமைப்பு, ஆவணத்திலேயே இருக்கிறது. முதல் வரியைப் போட்டவர் அடுத்த வரியைப் போடாமல் போயிருக்கிறார். அதாவது க்யூஓஎஸ் போட்டதனால்தான் குறி அழிந்தது. போன் இருக்கும் போர்ட்டுகளில் மட்டும் "எம்எல்எஸ் க்யூஓஎஸ் டிரஸ்ட் டிஎஸ்சிபி" கொடுத்தேன். அப்புறம் "ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ்" கட்டளையோடு போர்ட் பெயரையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். அது டிஎஸ்சிபி எண்களை ஐந்தைந்தாக வரிசை போட்டுக் காட்டும். 45 முதல் 49 வரை உள்ள வரியில் இரண்டாவது கட்டம் 46. போன் போர்ட்டில் உள்வரும் அட்டவணையின் அந்தக் கட்டமும், லினக்ஸ் பெட்டிக்குப் போகும் போர்ட்டில் வெளிச்செல்லும் அட்டவணையின் அந்தக் கட்டமும் சேர்ந்து ஏறின. லினக்ஸ் பெட்டியின் கவுன்டர் நிமிடத்துக்கு 3000 என்று ஏறத் தொடங்கியது.

குரல் வெட்டுவது நிற்கவில்லை. நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, ஏனென்றால் குறியைப் படிக்கும் வரிசை இன்னும் எங்கேயும் இல்லை.

அடுத்து டன்னல். வயர்கார்டு உள்ளே போகும் பாக்கெட்டின் டிஎஸ்சிபியை வெளி உறைக்கு எடுத்துப் போவதில்லை. வெளியே எல்லாம் 0 என்றுதான் எழுதும். உறையைப் பார்த்து உள்ளே குரலா கோப்பா என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் அது நல்லதுதான். வான் பக்கம், அதாவது இணையத்தைப் பார்த்த பக்கம், டிசிபிடம்ப் ஓட்டியபோது அப்படியே தெரிந்தது. எல்லாம் 0, ஆனால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஹெக்ஸில் 88 என்ற டாஸோடு ஒரு பாக்கெட். லினக்ஸ் கெர்னலில் வயர்கார்டு தன் சாவியைப் புதுப்பிக்கும் ஹேண்ட்ஷேக் பாக்கெட்டுக்கு மட்டும், வழக்கமாக வீடியோவுக்கு வைக்கும் ஏஎஃப்41 குறியை வைக்கிறது, அதுதான் 88. முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ வீடியோ கசிகிறது என்று தேட வேண்டாம்.

வெளி உறைக்கும் குறி வைத்தால் என்ன என்று கேட்பார்கள். அதையும் சோதித்துவிடலாம். டன்னலுக்கு வெளியே, போடியின் பொது முகவரிக்கு டாஸ் 184 வைத்து, வழியிலுள்ள ரௌட்டர்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் ஓட்டி, பக்கத்தில் டிசிபிடம்ப்பை விரிவான பயன்முறையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டிடிஎல் (இன்னும் எத்தனை ரௌட்டரைத் தாண்டலாம் என்ற எண்) தீர்ந்துபோகும் ரௌட்டர், "நேரம் முடிந்தது" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும்போது, தனக்கு வந்து சேர்ந்த பாக்கெட்டின் தலைப்பையும் உள்ளே வைத்துத் திருப்பி அனுப்புகிறது. அந்த உள் தலைப்பின் டாஸைப் படித்தால் குறி அந்த ரௌட்டர் வரை உயிரோடு இருந்ததா என்று தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த சோதனை இது. நம் கைக்கு எட்டாத பெட்டியிலும் குறியைப் பார்க்க வேறு எளிய வழி இல்லை. எங்கள் லைனில் முதல் ரௌட்டர் பி8 என்று திருப்பியது. அடுத்தது 0. இணைப்பு தருபவர் உள்ளே நுழையும்போதே குறியைக் கழுவிவிடுகிறார். சாதாரண பிராட்பேண்டில் அது அவர் உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதனால் ஒன்று தெளிவானது: குறிக்கு மதிப்பு இருக்கும் இடம் நம் சொந்தப் பெட்டிகள் மட்டும்தான்.

அப்படியானால் நெரிசல் நிற்கும் இடத்தை நம் பெட்டிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். லைனின் அப்லோடு ஏறக்குறைய 10 மெகாபிட். லினக்ஸ் பெட்டிக்கும் மோடத்துக்கும் நடுவே கேபிள் அதைவிட எத்தனையோ மடங்கு வேகம். அதனால் கேமராப் பதிவு ஏறும்போது வரிசை மோடத்துக்குள் நீள்கிறது. மோடம் குறியைப் பார்ப்பதில்லை, முதலில் வந்தது முதலில். குரல் பாக்கெட்டும் கேமரா பாக்கெட்டுகளின் பின்னால் நிற்கிறது.

வயர்கார்டு இடைமுகத்தின் (அதன் பெயர் டபிள்யூஜி0) மேலேயே, குறியைப் படித்து வரிசைப்படுத்தும் கேக் வரிசையைப் போட்டேன். கேக் 2018-இல் வந்த லினக்ஸ் 4.19 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. டிசி கட்டளையில் டபிள்யூஜி0, ரூட், கேக், பேண்ட்வித் 8 மெகாபிட், டிஃப்சர்வ்4, ஓவர்ஹெட் 60. எட்டு என்பது லைனின் அளவைவிடக் குறைவு, அதனால் மோடத்தில் வரிசை சேராது, கேக்கில்தான் சேரும். 60 என்பது ஐபிவி4-இல் வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சேர்க்கும் உறை. குரல் பாக்கெட் சின்னது, அதனால் இந்தக் கூடுதலைச் சொல்லாவிட்டால் கணக்கு தப்பும். டபிள்யூஜி0-வில் பாக்கெட் இன்னும் பூட்டப்படாத நிலையில் வரிசையில் நிற்கிறது, உள் டிஎஸ்சிபியைக் கேக் நேரடியாகப் படிக்கிறது. வெளி உறையில் 0 என்பது இனி ஒரு பொருட்டே இல்லை. எல்லாப் போக்குவரத்தும் டன்னலில் போவதால்தான் இது செல்லும். பாதிப் போக்குவரத்து நேராக இணையத்துக்குப் போகிற இடத்தில் வான் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

கண்காணிப்புக்குக் கேக் தருவது பெரிய வசதி. "டிசி -எஸ் க்யூடிஸ்க் ஷோ டெவ் டபிள்யூஜி0" என்று கேட்டால் பல்க், பெஸ்ட் எஃபர்ட், வீடியோ, வாய்ஸ் என்று நான்கு பத்தி வரும். ஒவ்வொன்றின் கீழும் பாக்கெட், பைட், வரிசையில் காத்திருந்த நேரம், கைவிட்ட பாக்கெட். ஈஎஃப் வாய்ஸுக்குப் போகும், அவசரமில்லை என்ற குறியான சிஎஸ்1 பல்க்குக்கு. ரைட்டர் எண்ண ஆரம்பித்ததும் வாய்ஸ் பத்தி நிமிடத்துக்கு 3000 ஏறியது. கேமரா முழு மூச்சாக ஏறும்போதும் வாய்ஸின் கைவிட்ட எண்ணிக்கை 0-விலேயே நின்றது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பிங் நன்றாக வருகிறது என்பதைக் குறிக்குச் சான்றாக எடுக்காதீர்கள். கேக் ஒவ்வொரு ஃப்ளோவையும் (ஓர் இணைப்பின் பாக்கெட் ஓட்டம்) தனித்தனியாகப் பார்க்கிறது, எப்போதாவது ஒரு பாக்கெட் அனுப்பும் ஃப்ளோவுக்குக் குறி இல்லாவிட்டாலும் முன்னுரிமை கொடுத்துவிடும். டாஸ் 184 வைத்த பிங்கும் 0 வைத்த பிங்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் காட்டும். பத்தியில் ஏறும் எண்தான் சான்று.

முதலாளி போனில் கூப்பிட்டார். "இப்ப ரைட்டர் பேசுறது நல்லா கேக்குது தம்பி. ஆனா நான் பேசுறது அவருக்கு இன்னும் வெட்டுதாம்." ஒரு திசை சரியானதும் இன்னொரு திசையின் கோளாறு தனியாகத் தெரிய வந்தது. போடிப் பெட்டியில் கேக் போட்டு, ஸ்டோரின் டவுன்லோடு அளவைவிடக் குறைத்து வைத்தாயிற்று. ஆனால் அங்கே வாய்ஸ் பத்தி அசையவில்லை, குரல் எல்லாம் பெஸ்ட் எஃபர்ட்டில் போகிறது. போடியில் முதலாளியின் போன் குறி வைக்கிறதே? வைக்கிறது, ஆனால் அந்தப் பாக்கெட் பிபிஎக்ஸ் வரைதான். ஆஸ்டரிஸ்க் நடுவில் நின்று ஆடியோவை வாங்கித் தன் பெயரில் புதிதாக அனுப்பும்போது, போன் வைத்த குறி அதோடு முடிந்தது. பிபிஎக்ஸ் தானே குறி வைக்க வேண்டும். ஆஸ்டரிஸ்க்கின் பிஜேசிப் அமைப்புக் கோப்பில், எண்ட்பாயின்ட் பகுதியில் டாஸ்_ஆடியோ சொல்லாவிட்டால் 0-தான். ஈஎஃப் என்று போட்டு, சிக்னலிங்குக்கு டிரான்ஸ்போர்ட் பகுதியில் டாஸ் சிஎஸ்3 போட்டு, மறுபடி அழைத்ததும் போடிப் பக்கமும் 3000.

பின்னொரு நாள் எண்ணுவதன் பலன் இன்னொரு விதத்திலும் கிடைத்தது. எல்லாப் போனையும் கீழே வைத்த பிறகும் ஸ்டோரில் வாய்ஸ் பத்தி ஏறிக்கொண்டே இருந்தது, அதுவும் நிமிடத்துக்குப் பல ஆயிரங்களில். குறி குறைவதைத் தேடுபவர்கள் குறி மிகுவதைத் தேடுவதில்லை, ஆனால் அதுவும் அதே அளவு கெடுதல். டிசிபிடம்ப்பில் ஈஎஃப் மட்டும் வடிகட்டிப் பார்த்தால் எல்லாம் கேமராப் பெட்டியின் முகவரி. அதன் நெட்வொர்க் மெனுவில் வீடியோ டிஎஸ்சிபி என்று ஒரு கட்டம், அதில் 46. பொருத்தியவர் வீடியோ நன்றாக வரட்டும் என்று போட்டிருக்கிறார். சுவிட்ச் குறியை அழித்துக்கொண்டிருந்த வரை இது வெளியே தெரியவே இல்லை. இதற்கிடையில் இடி விழுந்து போர்ட் எரிந்தபோது கேமராப் பெட்டியை இன்னொரு பழைய, குறியைத் தொடாத சுவிட்ச் வழியாக மாற்றியிருக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் இது வெளியே வந்தது; துலாமழைக் (ஐப்பசி மழை) காலத்தில் இந்த மலையில் இடி விழுவது வழக்கம். மெனுவில் 0 ஆக்கினேன். அதோடு விடாமல், அந்த முகவரியிலிருந்து வரும் எதையும் சிஎஸ்1 ஆக்கும் என்எஃப்டி வரியும் போட்டேன். கேமரா ரீசெட் ஆகி மறுபடி 46-க்குப் போனாலும் பல்க்கில்தான் விழும். நம்பிக்கையைப் போன்களுக்கு மட்டும் கொடுங்கள்.

பெரிய சிஸ்கோ ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. "ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்" காட்டும் பட்டியலில் முதலில், வேறு எந்தக் கிளாஸிலும் சேராதவை விழும் கிளாஸ்-டிஃபால்ட்டைப் பாருங்கள். குரல் அழைப்பின்போது அது வினாடிக்கு 50 கூடுதலாக ஏறினால் உங்கள் கிளாஸ் எதையும் பிடிக்கவில்லை. கிளாஸ்-மேப் எதுவும் சொல்லாவிட்டால் மேட்ச்-ஆல். அதில் ஈஎஃப் ஒரு வரி, சிஎஸ்3 ஒரு வரி என்று தனித்தனியாக எழுதினால் ஒரு பாக்கெட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குறியும் இருக்க வேண்டும் என்று பொருள், எண்ணிக்கை என்றும் 0. வேக எண்கள் ஐந்து நிமிடச் சராசரி, லோட்-இன்டர்வலை 30 வினாடியாக்கிய பிறகு சோதியுங்கள்.

இப்போது தொடர் கண்காணிப்புக்கு ஸ்டோரில் பழைய ராஸ்பெரி பை ஒன்றைப் போன் போர்ட்டில் செருகியிருக்கிறேன். சுவிட்சையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதால் வேண்டுமென்றே அந்தப் போர்ட்டில். பேர்சிப் என்ற சிறிய எஸ்ஐபி (இணைய போன்) மென்பொருள் அதில் ஓடுகிறது, ஆர்டிபி_டாஸ் வரியில் 184. தினமும் கேமரா ஏறும் நேரத்தில் போடி ஆஸ்டரிஸ்க்கின் எக்கோ எண்ணுக்கு ஒரு நிமிடம் அழைக்கும். அழைப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு முனையிலும் வாய்ஸ் பத்தியைப் படித்துக் கழிக்கும். எந்தப் பக்கமாவது 2900-க்குக் கீழே வந்தால் எனக்கு டெலிகிராமில் செய்தி. யாரும் பேசாத ஒரு நிமிடத்திலும் படிக்கும். அப்போது வாய்ஸ் ஏறினாலும் செய்தி. அந்தச் சமயம் யாராவது உண்மையில் பேசிக்கொண்டிருந்தால் தவறான செய்தி வராமலிருக்க, நடப்பில் இருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையை ஆஸ்டரிஸ்க்கிடம் கேட்டு 3000-ஆல் பெருக்கிக்கொள்கிறது.

அடுத்தது இவர்களுடைய குமுளிக் கடை. அங்கே ஃபைபர் இல்லை, 4ஜி ரௌட்டர். அப்லோடு காலையில் ஒன்று, சுற்றுலா வண்டிகள் நிறையும் ஞாயிற்றுக்கிழமை வேறொன்று. கேக்குக்கு ஒரே அளவை எழுதி வைத்தால் செல்லாது, தாமதத்தைப் பார்த்து அளவை ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்ட் வேண்டும். அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அங்கேயும் முதலில் மூன்று கவுன்டர் வரிகளைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.